பங்குனி வெயிலில் எடுக்க வேண்டிய கணக்கு

(திருநெல்வேலியில் கல்லூரி மாணவர்களும் பறவை ஆர்வலர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



தை பிறந்தால் நம் பக்கத்துக் குளக்கரைகளில் புதுமுகங்கள் தென்படுவது வழக்கமாகிவிட்டது. கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, விடியும் முன்னே வந்து நிற்கும் பிள்ளைகள். மணிமுத்தாற்றில் இயங்கும் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011-இல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பைத் தொடங்கியது. நெல்லை, தூத்துக்குடி இயற்கை அமைப்புகள் கைகோத்தன. அன்று முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டித் தன்னார்வலர்கள் குளம் குளமாகப் பிரிந்து சென்று எண்ணி வருகிறார்கள். நயினார்குளம், ராஜவல்லிபுரம், விஜயநாராயணம், வெள்ளூர், கடம்பாகுளம் என்று நாம் அன்றாடம் பஸ்ஸில் கடந்து போகும் குளங்களுக்கெல்லாம் இன்று ஒரு பறவைக் கணக்கு இருக்கிறது. சம்பளம் வாங்காமல், தூக்கத்தைத் தியாகம் செய்து இதைச் செய்தவர்கள் பலர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்களை வணங்கிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

ஆனால் உங்களிடம் இன்னொரு கணக்கும் கேட்க வந்திருக்கிறேன். தையில் எடுப்பது பனிக்காலக் கணக்கு. நான் கேட்பது வெயில்காலக் கணக்கு. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும், குளம் வற்றி, தரை வெடித்து, யாருமே பறவை பார்க்கப் போகாத அந்த மாதங்களில், தரையில் முட்டையிடும் பறவைகளின் கூடுகள் என்ன ஆகின்றன என்று பார்த்து எழுதும் கணக்கு.

தையில் எண்ணியது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரு குளத்தில் நாற்பது பவளக்கால் உள்ளான்கள் நின்றன என்று எழுதுகிறோம். அடுத்த ஆண்டும் நாற்பது. அதற்கடுத்த ஆண்டும் நாற்பது. நல்ல செய்தி என்று நினைத்துக்கொள்கிறோம். கரைப்பறவைகள் பல ஆண்டுகள் உயிர்வாழக்கூடியவை. ஐந்தாறு ஆண்டுகளாக ஒரு குஞ்சுகூடப் பிழைக்காமல் போயிருந்தாலும், வளர்ந்த பறவைகள் அங்கே நின்றுகொண்டுதான் இருக்கும். நம் நோட்டில் எண்ணிக்கை குறையாது. அவை முதுமை அடைந்து ஒவ்வொன்றாகப் போகும்போதுதான் எண்ணிக்கை சட்டென்று சரியும். அப்போது ஓடி வந்து பார்த்தால் காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இருக்காது. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. தொட்டிலில் பிள்ளை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை நாம் இன்னும் கேட்கவில்லை.

மரத்தில் கூடு கட்டும் பறவைகளைப் பற்றி நம் பக்கத்தில் நெடுங்காலமாக அக்கறை உண்டு. கடனா நதி தாமிரபரணியோடு சேரும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுவதை அவ்வூர் மக்கள் காத்து வந்தார்கள். 2005-இல் அந்த 2.84 ஹெக்டேர் நிலம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் அறிவிக்கப்பட்ட முதல் இடங்களில் அது ஒன்று. கூந்தன்குளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டு வாசல் மரத்தில் கூழைக்கடா உட்கார்ந்து எச்சமிட்டாலும் விரட்டாத ஊர். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். 1994-இல் சரணாலயமானது, இப்போது ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. 1907-லேயே ரேனியஸ் என்பவர் இந்தியாவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். 1945-இல் வெப்-பெப்ளோ நம் மாவட்டத்தின் தென்பகுதிப் பறவைகளைப் பற்றி எழுதினார். 1961-இல் வில்கின்சன் கூந்தன்குளத்துக் கூழைக்கடாக் குடியிருப்பைப் பற்றி எழுதினார். இப்படிக் கண்ணில் பட்டதை உட்கார்ந்து எழுதி அனுப்பியவர்கள் இருந்ததால்தான், நூறு ஆண்டுக்கு முன் இங்கே என்ன இருந்தது என்று இன்று நாம் பேச முடிகிறது.

மரத்துக்கூடு ஊருக்கே தெரியும். தரைக்கூடு கூடு மாதிரியே இருக்காது. அதனால்தான் அதற்குச் சரணாலயமும் இல்லை, காவலும் இல்லை.

ஆள்காட்டியை எல்லோருக்கும் தெரியும். வயலிலோ குளத்துக்குள்ளோ காலை வைத்தால் ஊரைக் கூட்டிவிடும். சின்னக் குழி, சுற்றி நாலு கூழாங்கல், காய்ந்த ஆட்டுப் புழுக்கை, நடுவே மண்ணின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். அவ்வளவுதான் கூடு. பவளக்கால் உள்ளான் வற்றும் குளத்தில் ஈரமான திட்டாகப் பார்த்துச் செத்தைகளைக் குவித்து முட்டையிடும். கண்கிலேடி பரம்புக் காட்டில், கல்லோடு கல்லாக உட்கார்ந்துவிடும். கடலோரத்தில் சிறிய ஆலா மணலில் லேசாகப் பள்ளம் பறித்து இரண்டோ மூன்றோ இடும்.

இவற்றோடு, நாம் ஊரறியப் பெருமைப்பட வேண்டிய ஒரு பறவையும் இருக்கிறது. உப்புக்கொத்தி இனத்தில் ஒன்று. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு. கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவு என்றே நெடுநாள் கருதப்பட்டது. ஹார்ட்டர்ட், ஜாக்சன் என்ற இருவர் 1915-லேயே இதைத் தனியாக விவரித்திருந்தும், பிறகு வந்தவர்கள் மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் சீன, ஐரோப்பிய ஆய்வாளர்களும் சேர்ந்து மரபணுவைச் சோதித்து, 2023-இல் இது தனி இனம்தான் என்று நிறுவினார்கள். வடக்கே இருக்கும் உறவினத்திலிருந்து பிரிந்து ஏறத்தாழ 12 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலத்தில் அதற்கு அனுமனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாமும் அனுமன் உப்புக்கொத்தி என்போம். இலங்கையும் தென்னிந்தியாவும்தான் அது குஞ்சு பொரிக்கும் நாடு. உலகத்தில் வேறு போக்கிடம் அதற்கு இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் கென்டிஷ் உப்புக்கொத்திகளும் நம் கடற்கரைக்கு வரும். புன்னைக்காயல் முகத்துவாரத்திலோ மணப்பாடு மணல்திட்டிலோ தை மாதத்தில் ஒரு கூட்டம் நின்றால், எது விருந்தாளி, எது வீட்டுக்காரர் என்று தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது தேர்ந்த கண்ணுக்கும் கடினம். வைகாசி வெயிலில், முட்டைமேல் உட்கார்ந்திருப்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நம்முடையது. ஒரு புதிய இனம் நம் வாசலில் இருக்கிறது என்று அறிவியல் சொல்லிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அது எங்கெங்கே முட்டையிடுகிறது, எத்தனை குஞ்சு தேறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, வெயிலில் போய் நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்த வெயில் எத்தகையது என்று உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடி உப்பளத்தில் சித்திரை மாத மதியம் வெறுங்காலோடு நின்று பாருங்கள். அந்தத் தரையில் முட்டை கிடக்கிறது. மற்ற பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க அடைகாக்கின்றன; இவை மதிய வேளையில் முட்டையின் சூட்டைத் தணிக்க அடைகாக்கின்றன. தாய் எழுந்து நின்று தன் நிழலை முட்டைமேல் விழச் செய்யும். ஆணும் பெண்ணும் மாறி மாறி நீருக்கு ஓடி, வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையை ஈரப்படுத்தும். ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் இதைச் செய்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படி ஏறக்குறைய நான்கு வாரம். அந்த நேரத்தில் ஒருவர் போட்டோ எடுக்க வேண்டும் என்று பத்தடி தூரத்தில் உட்கார்ந்துவிட்டால், தாய் திரும்பி வர முடியாது. முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகும். அவர் கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். நல்ல மனிதராகவே வீடு திரும்பியிருப்பார்.

பொரித்த குஞ்சு சில மணி நேரத்தில் எழுந்து நடந்துவிடும். கூடு என்ற ஒன்று அதன்பிறகு இல்லை. இறகு முளைத்துப் பறக்க மேலும் சுமார் நான்கு வாரம். ஆபத்து என்றால் தாய் குரல் கொடுக்கும். குஞ்சு இருந்த இடத்திலேயே அசையாமல் படுத்துக்கொள்ளும். நாயிடமிருந்தும் காக்கையிடமிருந்தும் பல சமயம் அது காப்பாற்றும். டிராக்டர் சக்கரத்திலிருந்து எப்படிக் காப்பாற்றும்?

டிராக்டர் பேச்சு வந்துவிட்டதால் அதைப் பேசிவிடுவோம். குளத்தில் வண்டல் எடுப்பது கோடையில்தான். விவசாயிக்கும் மண்பாண்டம் செய்பவருக்கும் வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. 2017-ஐ ஒட்டிக் குடிமராமத்து மீண்டும் உயிர் பெற்றது. தூர்வாரினால்தான் குளம் குளமாக இருக்கும். குளம் இருந்தால்தான் பறவை. தூர்வாருவதை எதிர்த்து யாராவது பறவையின் பெயரால் பேசினால் நான் விவசாயியின் பக்கம்தான் நிற்பேன். ஆனாலும் ஜேசிபியும் டிப்பரும் குளத்துக்குள் இறங்கும் மாதமும், ஆள்காட்டியும் உள்ளானும் முட்டையிடும் மாதமும் ஒன்றாக இருக்கின்றன. வண்டி இறங்கும் முன் ஒருநாள் காலை, அந்தக் குளத்தை அறிந்த ஒருவர் கூட வர, எந்த மூலையில் கூடுகள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால் போதும். அந்த மூலையைக் கடைசியில் எடுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் மறுக்கிற ஊர் நம் பக்கத்தில் அதிகம் இருக்காது என்பது என் நம்பிக்கை. கேட்பதற்கு நம் கையில் விவரம் வேண்டும். இன்று நம் கையில் விவரம் இல்லை.

கார் சாகுபடிக்கு ஜூனில் பாபநாசம் அணை திறந்தால், வாய்க்கால் வழியே வரும் தண்ணீரில் தாழ்வான கூடுகள் மூழ்கும். அதை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆற்றுக்குள் முட்டையிடும் பறவைகளுக்கோ மணல் இருந்தால்தான் வீடு. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராகத் தோழர் நல்லகண்ணு வழக்குத் தொடுத்து, தானே வாதாடி, 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை பெற்றார். அவர் நீருக்காகவும் நிலத்துக்காகவும் வாதாடினார். ஆற்றிடைத் திட்டில் குஞ்சு பொரிக்கும் பறவைகளும் அதனால் பயன்பெற்றன. கடற்கரையில் தாதுமணல் எடுப்பதை 2013-இல் அரசு நிறுத்தியது. இன்று கடலோரத்தில் மிஞ்சியிருக்கும் பெரிய தொல்லைகள் மணலில் ஓடும் வண்டிகள், தின்பண்டக் குப்பை, அந்தக் குப்பைக்கு வந்து பெருகும் நாய், காக்கைகள். இவற்றைக் குறைக்க நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

வெளியே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நம் உப்புக்கொத்திக்கு உறவான ஒரு பறவை 1986-இல் சுமார் 790 இணைகளாகச் சுருங்கியிருந்தது. சட்டப் பாதுகாப்பு வந்தது. தன்னார்வலர்கள் கூடு இருக்கும் இடத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள், அறிவிப்பு வைத்தார்கள், கடலாட வருகிறவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். இப்போது 2,000 இணைகளைத் தாண்டிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2006 முதல் பறவை ஆர்வலர்கள் கடற்கரைக் கூடுகளைக் கண்காணித்து, குஞ்சுகள் ஒதுங்க மரப்பலகையில் சின்னக் கூரைகூட வைத்துக் கொடுக்கிறார்கள். அந்த வசதியெல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது. நம் கடற்கரை ஓய்வெடுக்கும் இடமல்ல. வலை காயும், கட்டுமரம் ஏறும், கருவாடு உலரும் வேலைக்களம். அங்கே போய்க் கயிறு கட்டி, வராதே என்று பலகை வைக்க நமக்கு உரிமையும் இல்லை, வைத்தால் நிற்கவும் நிற்காது.

நமக்குப் பாடம் வட இந்தியாவின் சம்பல் ஆற்றில் இருக்கிறது. அங்கே ஆற்றிடைத் திட்டுகளில் ஆலாக்களோடு சேர்ந்து, கீழ் அலகு நீண்ட ஓர் அரிய நீர்ப்பறவை முட்டையிடுகிறது. நீர்மட்டம் இறங்கினால் திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும். நாயும் மாடும் நடந்தே போய்விடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பர்வீன் ஷேக் அந்தக் கரையோர ஊர்க்காரர்களையே கூட்டுக் காவலர்களாக அமர்த்தினார். அவருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. ஊர்க்காரருக்கு ஆற்றின் போக்கு தெரியும், எந்தத் திட்டு எப்போது ஒட்டும் என்று தெரியும். நகரத்திலிருந்து வருகிறவர் எழுதத் தெரிந்தவர். இருவரும் சேர்ந்ததால்தான் அந்த வேலை நடந்தது.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அருமையான பணி. அதைப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி முட்டையையும் எடுத்துப் பத்திரமான இடத்தில் வைக்கலாமே என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடாது. ஆமை முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். பறவை அங்கேயே இருக்கிறது, அந்தப் பள்ளத்துக்குத்தான் திரும்பி வரும். மேலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். வனத்துறையிடம் சொல்லி, அனுமதி பெற்றே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

நம் ஊரில் கூட்டுக் காவலர் யார்? ஆடு மேய்ப்பவர், உப்பு வாருபவர், வலை காயப்போடுபவர். ஒருமுறை ஒரு காய்ந்த குளத்துக்குள் நடந்துகொண்டிருந்தேன். தூரத்திலிருந்து ஒருவர் கம்பை உயர்த்திச் சத்தம் போட்டார்: “அண்ணாச்சி, அந்தப் பக்கம் போவாதிய, ஆக்காட்டி முட்ட போட்டிருக்கு!” அவருடைய ஆடுகள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அவரே திருப்பி விட்டிருந்தார். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கேட்டேன். “அமாவாசைக்கு மறுநாள் ரெண்டு கெடந்துச்சு, இப்ப நாலு” என்றார். ஆராய்ச்சிக் குறிப்புக்கு வேண்டிய முதல் தகவல் அது. அவரிடம் நோட்டு இல்லை, அவ்வளவுதான். அவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருவதுதான் தன்னார்வலரின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். பைனாகுலர் வாங்குவது இரண்டாவது.

ஏன் நாள் கணக்கு முக்கியம் என்று சொல்கிறேன். வில்கின்சன் கூந்தன்குளத்தைப் பற்றி எழுதிய அதே 1961-இல், அமெரிக்காவில் ஹரால்ட் மேஃபீல்டு என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தொழில்முறை விஞ்ஞானி அல்லர். வேலைக்குப் போய்க்கொண்டே பறவை பார்த்தவர். பத்துக் கூடு பார்த்தோம், ஆறு பொரித்தது, ஆகவே நூற்றுக்கு அறுபது வெற்றி என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அது தவறு என்றார். ஏனென்றால் முதல் வாரத்திலேயே அழிந்துபோன கூடுகள் நம் கண்ணில் படுவதே இல்லை. நாம் காண்பது பெரும்பாலும் தப்பிப் பிழைத்தவற்றை. ஆகவே ஒவ்வொரு கூட்டையும் எத்தனை நாள் கண்காணித்தோம் என்று கூட்டி, அந்த நாள்களில் எத்தனை கூடு அழிந்தது என்று வகுத்து, ஒரு நாளைக்கான பிழைப்பு விகிதம் காண வேண்டும் என்றார். ஒரு நாளில் 100-க்கு 5 கூடு அழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். 28 நாள் அடைகாக்கும் பறவைக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள்: 100 கூடுகளில் 24 மட்டும் மிஞ்சும். உலகம் முழுவதும் கூட்டு ஆய்வு இன்றும் இந்த வழியை ஒட்டித்தான் நடக்கிறது. அதைக் கொடுத்தவர் உங்களைப் போன்ற ஓர் ஆர்வலர்.

செய்முறை எளிது. குளத்துக்கரையில் நின்று பாருங்கள், உள்ளே இறங்காதீர்கள். பறவை குரல் எழுப்பினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். காலை எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்குப் பிறகு. வாரம் ஒருமுறை போதும். கூட்டுக்கு நேராக நடந்துபோய் அதே வழியில் திரும்பாதீர்கள். காக்கை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. பொரிக்கும் நாள் கடந்து பறவை கூட்டைவிட்டுப் போனபிறகு மட்டும் ஒருமுறை அருகே செல்லலாம். பள்ளத்தின் அடியில் கடுகளவு ஓட்டுத் துணுக்குகள் கிடந்தால் பெரும்பாலும் பொரித்திருக்கிறது. பெரிய ஓட்டைத் தாய் எடுத்துக்கொண்டுபோய் எறிந்திருக்கும். மஞ்சள் கருக் கறையோடு பெரிய ஓடு கிடந்தால் ஏதோ தின்றிருக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதில் வெட்கம் வேண்டாம். ஊகித்து எழுதிய ஒரு வரி நூறு உண்மை வரிகளைக் கெடுத்துவிடும்.

கூட்டின் படத்தை வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இடம் தெரிந்தால் மறுநாள் பத்துக் கேமரா வந்து நிற்கும்.

வரும் பங்குனியில் எல்லாக் குளத்தையும் பார்க்க வேண்டாம். ஆளுக்கு ஒரு குளம், அல்லது ஒரு மைல் கடற்கரை, அல்லது உப்பளத்தில் நாலு வரப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தேர்ந்தெடுங்கள், ஆடி வரை விடாமல் போக முடியும். அந்தக் குளத்தில் ஆடு மேய்ப்பவர் ஒருவரோடு பழகிக்கொண்டு, குறிப்பேட்டில் கூட்டைக் கண்டவர் என்ற இடத்தில் அவர் சம்மதத்தோடு அவர் பெயரை முதலில் எழுதுங்கள். உங்கள் பெயர் அதற்குக் கீழே இருக்கட்டும். ஆடி முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்குப் போய், இந்தக் கோடையில் உங்கள் குளத்தில் இத்தனை கூடு, இத்தனை குஞ்சு, அழிந்தவை இதனால் அழிந்தன என்று வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கோடையில் வண்டல் எடுக்கும் முன் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். தொடங்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலப்புறம் இருக்கும் மேசையில் பெயரையும் குளத்தின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.